கூட்டுக் கணக்கில் உள்ள தண்ணீர்

2024 மார்ச் மாதம். பெங்களூருவிலுள்ள எங்கள் கிளைக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர், பல்லாண்டுகளாக எங்கள் வாடிக்கையாளர். சங்கத்தின் பெயரில் இருந்த குறித்தகால வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தர வேண்டும் என்றார். முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. வட்டி குறையும் என்பதை எடுத்துச் சொன்னோம்.

"தெரியும் சார். லிப்டு மாற்றுவதற்காக ஆறு வருடமாகச் சேர்த்த பணம். இப்போது தண்ணீர் லாரிக்குப் போகிறது" என்றார்.

கூட வந்திருந்த பொருளாளர் ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டார். பாதித் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைப் புது வைப்பாக மாற்றிக்கொள்ளலாமே என்று யோசனை கூறினோம். அவ்வாறே செய்தார்கள். அந்த மீதிப் பாதி பின்னர் என்னவாயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. வாடிக்கையாளர் விவரங்களை வெளியிடுவது வங்கி மரபன்று. ஆகவே பெயரையும் இடத்தையும் விடுத்து, செயலாளரின் இசைவுடன் எழுதுகிறோம்.

அந்தக் கோடையில் பெங்களூரு பட்ட பாட்டை நாடே அறியும். அதற்கு முந்தைய ஆண்டில் பருவமழை பொய்த்திருந்தது. நகரின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதலமைச்சரே அறிவித்தார். குடிநீரால் வாகனம் கழுவினாலும் தோட்டத்திற்குப் பாய்ச்சினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். லாரித் தண்ணீரின் விலை கட்டுக்கடங்காமல் ஏறவே, மாவட்ட நிர்வாகம் தலையிட்டது. 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய், 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய் என உச்சவிலை நிர்ணயிக்கப்பட்டது.

இந்த உச்சவிலையிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொண்ணூறு வீடுகள், வீட்டுக்கு நால்வர் என்று கொள்வோம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. அப்படியானால் ஒரு நாளைக்கு 48,600 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரிகள் நான்கு. நாளொன்றுக்கு 4,000 ரூபாய், மாதத்திற்கு 1,20,000 ரூபாய். நிர்ணயித்த விலைக்கே லாரி கிடைத்திருந்தால் இந்தக் கணக்கு. கிடைக்கவில்லை என்பதைச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களே சொல்லின.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தின் முகட்டில் அமைந்த ஊர். நகருக்குள் பெரிய ஆறு கிடையாது. மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது தென்பெண்ணைக்குப் போகிறது. ஓடிவிடும் மழையைத் தேக்க முன்னோர் ஏரிகளைச் சங்கிலித் தொடராக வெட்டினார்கள். மேலேரி நிரம்பினால் கீழேரிக்குத் தண்ணீர் போகும். மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போது எவ்வளவு என்று முறை வைத்தவரை இங்கு 'நீருகண்டி' என்பர். தமிழகத்துக் கிராமங்களில் 'நீர்க்கட்டி' என்று அழைக்கப்பட்டவரும் இதே பணியைத்தான் செய்தார். ஊர் முழுவதற்கும் பொதுவான நீருக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தார் என்பது கவனிக்கத் தக்கது.

1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. 1974-இல் காவிரி வந்தது. குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியதும் ஏரியைப் பார்ப்பாரில்லை, நீருகண்டியும் மறைந்தார். இன்று காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் அளவு உயரத்திற்கு, மூன்று கட்டங்களாக இறைக்கப்பட்டு நகருக்குள் வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகத் தரவல்லது. 2007-இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கென அது வகுக்கப்பட்டது. அதுவரை அப்பகுதிகளில் எழும்பிய அடுக்குமாடிகள் நம்பியிருந்தவை ஆழ்துளைக் கிணறும் லாரியுமே. லாரித் தண்ணீரும் பெரும்பாலும் வேறோர் இடத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவதுதான்.

வங்கியாளர் பார்வையில் நிலத்தடி நீர் ஒரு கூட்டுக் கணக்கு. ஒவ்வொருவர் கையிலும் தனிக் காசோலைப் புத்தகம் உண்டு. இருப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பணம் போடுவார் குறைவு. ஒருவர் 600 அடி துளைத்தால் அடுத்த வீட்டார் 1,000 அடி துளைக்கிறார். அவரவர் நிலையில் அது நியாயமாகவே தோன்றும். இப்படி ஒரு கணக்கை எந்த வங்கியும் திறக்க இசையாது.

இந்தக் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவந்த ஓரிடம் சர்ஜாபூர் சாலையிலுள்ள ரெயின்போ டிரைவ் மனைப்பிரிவு. ஆழ்துளைக் கிணறுகளை மட்டுமே நம்பியிருந்த அங்கு, அவை ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கியதும் குடியிருப்போர் கூடிப் பேசினார்கள். தனியார் எவரும் தம் மனையில் ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்று விதி செய்தார்கள். வீடுதோறும் மீட்டர் வைத்து, அதிகம் செலவழிப்பவருக்கு அதிக விலை என்று படிக்கட்டுக் கட்டணம் கொண்டுவந்தார்கள். வீடுகளிலும் தெருக்களிலும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறுகளைத் தோண்டினார்கள். இவை எளிதில் நிறைவேறியவை அல்ல. தம் மனைக்குள் கிணறு போடுவதைத் தடுக்கச் சங்கத்திற்கு என்ன உரிமை என்ற கேள்வி எழத்தான் செய்யும். விதியை மீறுவோர் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவர்களே விதியைச் செய்தார்கள் என்பதால் அது நின்றது என்று கருதுகிறோம்.

ஆனால் 2022 செப்டம்பரில் பெங்களூருவில் கனமழை கொட்டியபோது, அதே ரெயின்போ டிரைவ் வெள்ளத்தில் மூழ்கியது. மக்களை டிராக்டர்களிலும் படகுகளிலும் வெளியேற்ற நேர்ந்தது. தாழ்வான பகுதி, சுற்றுவட்டாரத்து மழைநீர்க் கால்வாய்கள் அவ்வளவு நீரைக் கொண்டுசெல்லப் போதவில்லை. சுற்றுச்சுவருக்கு உள்ளே எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும், கால்வாய் சுவருக்கு வெளியேதான் ஓடுகிறது. ஏரிக்கு ஏரி உள்ள தொடர்பு அறுந்தால் கோடையில் வறட்சி, மழையில் வெள்ளம்.

அதே சர்ஜாபூர் சாலையில், 48 ஏக்கர் பரப்புள்ள கைகொண்ட்ரஹள்ளி ஏரி உள்ளது. கழிவுநீரும் குப்பையுமாகக் கிடந்த இந்த ஏரி, 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கம்பக்கத்தாரின் முயற்சியால் மீட்கப்பட்டது. பணம் மாநகராட்சியுடையது, திட்டம் வகுப்பதில் குடிமக்கள், ஆய்வாளர்கள், பழைய கிராமத்தார் என எல்லாரும் பங்கேற்றார்கள். பின்னர் குடிமக்கள் அறக்கட்டளை ஒன்று மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பராமரிப்பை ஏற்றது. ஏரியை ஒட்டி அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் அந்தக் கரை சொந்தமாயிற்று.

2012-இல் இந்த ஏரிக்கு ஒரு விருந்தினர் வந்து மரக்கன்று நட்டார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி எலினார் ஆஸ்ட்ரம். பொதுச்சொத்து பாழாகாமலிருக்க அரசுடைமை, தனியுடைமை ஆகிய இரண்டு மட்டுமே வழியல்ல. அதைப் பயன்படுத்துவோர் தாமே விதி செய்து, தாமே கண்காணித்து, தவறுக்கேற்பப் படிப்படியாகத் தண்டம் விதித்துக் காப்பாற்ற முடியும் என்பதை உலகெங்குமுள்ள உதாரணங்களால் நிறுவியவர். அவர் 1965-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் பொருளே நிலத்தடி நீர்தான். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பலரும் போட்டியிட்டு இறைத்ததால் நிலத்தடியில் கடல்நீர் புகத் தொடங்கியது. இறைப்பவர்கள் தாமே கூடி அளவைக் குறைத்துக்கொள்ள உடன்பட்ட கதையை அவர் ஆராய்ந்தார். எங்கள் தலைமுறையின் வணிகவியல் வகுப்புகளில் இவர் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை. பற்று வரவு கற்றோம். பொதுவில் உள்ளதை எப்படிப் பற்று எழுதுவது என்று கற்கவில்லை.

நகரின் வடக்கே ஜக்கூர் ஏரி வேறொரு வகை. ஏறத்தாழ 160 ஏக்கர். இதன் தலைப்பில் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சுத்திகரித்த நீர் நேரே ஏரியில் விழாமல், நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்புநிலம் ஒன்றின் வழியே ஊர்ந்து செல்கிறது. எஞ்சிய அழுக்கில் ஒரு பகுதியைச் செடிகளும் மண்ணும் பிடித்துக்கொள்கின்றன. இதனால் கோடையிலும் ஏரியில் தண்ணீர் நிற்கிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளும் ஊறுகின்றன. மீன்பிடிப்போர் உண்டு, மாட்டுக்குப் புல் அறுக்க வருவோர் உண்டு, காலை நடைக்கு வருவோர் உண்டு. இவர்களின் தேவைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவன அல்ல. நடைக்கு வருபவருக்கு ஏரி அழகாக இருந்தால் போதும். புல் அறுப்பவருக்கு அது அன்றாடப் பிழைப்பு. ஏரிக்கு வேலி போட்டு வாயிற்கதவில் நேரம் எழுதி வைக்கும்போது முதலில் வெளியே நிற்பவர் இரண்டாமவர்தான். கூட்டுமுயற்சி என்று பேசும்போது யார் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, காகிதம். 2020-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏரிகள் தொடர்பாகத் தனியார் நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்வதற்குத் தடை விதித்தது. ஏரிகள் வணிகமாகிவிடக் கூடாது என்பதே அதன் கவலை, அது நியாயமானது. ஆனால் அதன் நிழல் குடிமக்கள் குழுக்களின் மேலும் விழுந்தது. அவர்களுடைய ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படாமல் நின்றன. ஆண்டுக்கணக்கில் ஏரியைப் பார்த்துக்கொண்டவர்கள், எந்த உரிமையில் பார்த்துக்கொள்கிறோம் என்று தெரியாமல் நின்றார்கள். ஒப்பந்தம் முதிர்வடையும் நாளை நினைவில் வைப்பது வங்கியாளருக்குப் பழக்கம். பொதுப்பணிக்கு வருவோருக்கு அது தேவையற்ற சம்பிரதாயமாகத் தோன்றலாம். அல்ல என்று ஜக்கூரும் கைகொண்ட்ரஹள்ளியும் போன்ற ஏரிகளின் காவலர்கள் அறிவார்கள்.

நகரம் பயன்படுத்திய நீர் நகரத்தோடு முடிந்துவிடுவதில்லை. 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு இறைக்கப்படுகிறது. வறண்டுகிடந்த ஏரிகள் நிரம்பின. கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. தொடங்கிய சில வாரங்களிலேயே ஏரி ஒன்றில் நுரை பொங்க, உயர் நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்து, பிறகு அனுமதித்தது. இன்னும் ஒரு படி சுத்திகரிப்பு வேண்டும் என்று கோலார் விவசாயிகள் கேட்டுவருகிறார்கள். கொடுப்பவர் தரத்தைத் தாமே சோதித்துத் தாமே சான்றளித்தால் பெறுபவருக்கு நம்பிக்கை எப்படி வரும்? எங்கள் துறையில் அதற்காகவே வெளித் தணிக்கையாளர் இருக்கிறார். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் கலக்கும் நீரைப் பற்றியும் இதையே சொல்லலாம். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை மிதப்பதைக் கண்ட தமிழக வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, அந்தச் சங்கத்திற்கு வருவோம்.

வைப்பில் பாதி லாரிக்குப் போனபின், மீதிப் பாதியை என்ன செய்வது என்று மூன்று பொதுக்குழுக் கூட்டங்கள் நடந்தன. கணக்கு விவரம் கேட்கப்பட்டதால் இரண்டாவது கூட்டத்தில் எங்களுள் ஒருவர் பார்வையாளராக இருந்தோம். வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுச் சொந்தக்காரர், பூட்டிய வீட்டுக்கு எதற்குத் தண்ணீர்க் காசு என்று காணொளியில் கேட்டார். ஆறு பேர் உள்ள வீடும் இருவர் உள்ள வீடும் ஒரே கட்டணம் கட்டுவது ஏன் என்று ஒருவர் கேட்டார். வாடகைக்கு இருக்கும் பெண்மணி ஒருவர் எழுந்து, "லாரி வராத நாளில் வாளி தூக்குவது நாங்கள். ஓட்டுப் போடுவது நீங்கள்" என்றார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

செயலாளர் பொறியாளர் அல்லவா, கணக்கோடு வந்திருந்தார். பெங்களூருவின் ஆண்டு மழை சராசரி ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். 2,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழுவது ஆண்டுக்கு 19 லட்சம் லிட்டருக்கு மேல். தொண்ணூறு வீடுகளின் ஆண்டுத் தேவை ஏறத்தாழ 1 கோடியே 77 லட்சம் லிட்டர். ஆக, கூரை மழை முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் ஒன்பதில் ஒரு பங்குதான். மழைநீர் சேகரித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் தனிவீட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அடுக்குமாடிக்கு அது பொருந்தாது. ஆனால் அரசு அளவான 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்குப் போவது. அது மூன்றில் ஒரு பங்கு. அந்தக் குடியிருப்பில் சுத்திகரிப்பு நிலையமும் கழிப்பறைக்கான தனிக் குழாயும் கட்டும்போதே போடப்பட்டிருந்தன. நாற்றம் அடிக்கிறது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே அடைத்து வைத்திருந்தார்கள்.

எனவே முதல் செலவு சுத்திகரிப்பு நிலையத்திற்கு. காற்றூதியைப் பழுதுபார்த்து, வடிகட்டியை மாற்றி, அதை இயக்கத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்திற்கு வைத்தார்கள். அடுத்தது மீட்டர். இதில் எதிர்பாராத சிக்கல் வந்தது. பழைய அடுக்குமாடிகளில் சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என மேலிருந்து தனித்தனியாக இறங்கும். ஒரு வீட்டுக்கு மூன்று, நான்கு மீட்டர்கள் வேண்டும். செலவு மும்மடங்காயிற்று. இங்கேதான் திட்டம் உடையவிருந்தது. சொந்தக்காரர் ஒரு பங்கு, சங்கம் ஒரு பங்கு என்று பிரித்து, பூட்டிய வீட்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் மட்டுமே என்று எழுதியபின் வெளிநாட்டு உறுப்பினரும் இசைந்தார். மாதந்தோறும் ஒவ்வொரு வீட்டின் அளவும் தரைத்தளப் பலகையில் ஒட்டப்படும் என்ற விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருந்தது. பெயரில்லாமல் வீட்டு எண் மட்டும் என்று முடிவாயிற்று. அண்டை வீட்டு எண் யாருக்குத் தெரியாது!

கடைசியாக ஆறு உறைகிணறுகள். மூன்றடி விட்டம், இருபதடி ஆழம், சிமெண்டு உறை. தோண்டியவர்கள் மண்ணு வட்டர் சமூகத்தார். பெங்களூருவின் பழைய கிணறுகளைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியவர்கள். ஆழ்துளை எந்திரம் வந்தபின் இவர்களுக்கு வேலை அருகியது. நகரில் பத்து லட்சம் கிணறுகள் என்னும் இயக்கம் 2015-இல் தொடங்கியபின் மீண்டும் அழைக்கப்படுகிறார்கள். கப்பன் பூங்காவின் பழைய கிணறுகளைத் தூர்வாரியவர்களும் இவர்களே. வரைபடத்தில் குறித்திருந்த ஓரிடத்தில் பத்தடி தோண்டியதும், இது களி, தண்ணீர் இறங்காது என்று மேஸ்திரி நிறுத்திவிட்டார். பன்னிரண்டடி தள்ளித் தோண்டினார்கள், சரளை வந்தது.

சங்கம் இவற்றுக்காக எங்களிடம் வந்தபோதெல்லாம் வழக்கம்போல் நாங்கள் கேட்டவை: சங்கப் பதிவுச் சான்று, பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல், கையொப்பமிட அதிகாரம் பெற்றவர் யார் யார், பதவி மாறினால் புதியவர் யார். கூட்டாக எதையும் செய்ய நினைக்கும் குடியிருப்புகள் இந்தத் தாள்களை முதலிலேயே ஒழுங்குபடுத்திவிடுவது நலம். பணத்திற்காக மட்டுமல்ல, யார் மோட்டார் அறையின் சாவியை வைத்திருக்கிறார், யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதும் அப்போதே எழுதப்பட்டுவிடும்.

2025 கோடையில் நாளுக்கு நான்கு லாரி நின்ற வாயிலில் ஒன்று நின்றது. சில நாட்கள் அதுவும் இல்லை. 2024-இல் பெய்த நல்ல மழையும் கைகொடுத்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கழிப்பறை நீரின் நிறம் பற்றி இன்னும் இரண்டு வீட்டார் புகார் எழுதுகிறார்கள். வாடகைதாரர் ஒருவர் தண்ணீர்க் குழுவில் உறுப்பினராக்கப்பட்டார். வாக்குரிமை இல்லை, பதிவேட்டைப் பார்க்கும் உரிமை உண்டு.

அண்மையில் செயலாளர் மீண்டும் கிளைக்கு வந்தார். சங்கத்தின் பெயரில் புதிதாக ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்க வேண்டும் என்றார். கிணறுகளில் படியும் வண்டலை ஆண்டுதோறும் மழைக்கு முன் எடுக்க வேண்டுமாம். அதற்கு மாதாமாதம் ஒரு தொகை. தீர்மான நகலில் நோக்கம் என்ற இடத்தில் 'கிணறு தூர்வாருதல்' என்று தட்டச்சு செய்திருந்தது. இம்முறை பொருளாளர் உற்சாகமாகப் பேசினார்.

"லிப்டுக்கான வைப்பு?" என்று கேட்டோம்.

"அது அடுத்த பொதுக்குழுவில் சார். இப்போதைக்குப் படியேறுகிறோம்" என்றார் செயலாளர்.